திரைக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுக் கதவு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்கா முழுக்க ஊரடங்கு வந்தபோது, மனநலச் சிகிச்சையாளர்களுக்கு யோசிக்க நேரமில்லை. இணையவழிச் சிகிச்சையை அதுவரை ஒப்புக்கொள்ளாதவர்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அன்றைய பயம் ஒன்றுதான்: திரை வழியாக நம்பிக்கை பிறக்குமா? பிறக்கிறது. இதில் குறை காண்பது சிகிச்சைக்கு வருபவர்களைவிடச் சிகிச்சையாளர்கள்தான் அதிகம்.

இப்போது அவர்கள் கவலை வேறு. தங்கள் அறையில் கதவைச் சாத்துவது அவர்கள் பொறுப்பு. திரை வழியே பேசும்போது அந்தக் கதவு உங்கள் வீட்டில் இருக்கிறது. நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஆயா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்கள் எத்தனை! பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். பக்கமெல்லாம் ஆளாக இருந்தால் என்ன செய்வது? ஹெட்போன் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். அது மறைப்பது கேள்வியைத்தான். பதில் வீடு முழுக்கக் கேட்கும். ரேடியோவைக் கதவுக்கு வெளியே பாட விடுங்கள். உள்ளே வைத்தால் மைக் அதைத்தான் பிடிக்கும். காரில் உட்கார்ந்து பேசலாம், வீட்டு கேட்டுக்குள் நிறுத்திய காரில். தெருவோரத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால் அந்தப் போன் என்ன ஆகும் என்று டர்பன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, தேர்ந்த சிகிச்சையாளர் எடுத்த எடுப்பில் மனக்குறையைக் கேட்கமாட்டார். இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்? பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி? ஆபத்து என்றால் யாருக்குப் போன் செய்யலாம்? முகவரியை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் சொல்லிவிட்டு இணைப்பு அறுந்தால், ஆம்புலன்சை எங்கே அனுப்புவது? யாராவது அறைக்குள் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சங்கேதச் சொல்லும் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு அது மிகவும் முக்கியம். அடிக்கிறவர் அதே வீட்டில் இருந்தால், 'நேரில் வாருங்கள்' என்பதே பெரும்பாலும் சரி.

இணைப்பு அறுவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மின்சாரத்தை முறைவைத்து நிறுத்திய லோட் ஷெடிங் காலம் கற்றுக்கொடுத்த பாடம் இது: வீட்டு ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் இருந்தாலும், டவரின் பேட்டரி தீர்ந்தால் சிக்னல் போய்விடும். ஐந்து நிமிடம் பொறுத்து யார் யாரை, எந்த எண்ணில் அழைப்பது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேலும் போகும். ப்ரீபெய்ட் டேட்டாவில் வாழ்பவருக்கு அது சுமை. குரல் அழைப்புக்கு அதில் சிறு பங்கு போதும். அதை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். முகம் பார்க்காமல் பேசுவதே சிலருக்குச் சுலபம்.

வீடியோவிலும் தெரிவது பாதி மனிதர்தான். ஆடும் கால், பிசையும் கை, வாயில் மதுவாடை எதுவும் வராது. ஒலி அரை விநாடி தாமதித்தால் மௌனமே பொய்யாகிவிடும்: அவர் யோசிக்கிறாரா, அழுகிறாரா, நெட் நின்றுவிட்டதா? இதனால்தான் நாள் முழுக்கத் திரையில் பேசும் சிகிச்சையாளர் அதிகம் களைக்கிறார். தன் முகம் தெரியும் கட்டத்தை மூடிவிட்டாலே பாதிக் களைப்பு குறையும் என்பேன்.

நேரில் கிடைக்காத லாபமும் உண்டு. நாள் முழுக்கக் கை கழுவும் நோயுள்ளவரின் சொந்தக் குழாயடியிலேயே, கழுவாமல் இருக்கும் பயிற்சி நடக்கும். வாசலைத் தாண்டவே பயப்படுபவருக்கு முதல் படி திரைதான்.

ஆயாவுக்குத் தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும். பேரனை மொழிபெயர்க்கச் சொல்வதைச் சிகிச்சையாளர்கள் விரும்புவதில்லை. மருமகளைப் பற்றிய வருத்தத்தை அவள் மகன் வாயால் எப்படிச் சொல்வது? சென்னையில் ஒருவரைப் பிடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டிலிருந்து இங்கிருப்பவருக்குச் சிகிச்சை தருபவர் தம் நாட்டில் மட்டுமல்லாமல் இங்கே எச்பிசிஎஸ்ஏ என்னும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழிலர் மன்றத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அந்த மன்றத்தின் விதி. அதன் பதிவேட்டை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் தேடுங்கள்.