கோவலன் பட்டது தண்டனையா?

நேயர்களுக்கு வணக்கம்.

கோவலன் பெயரை எடுத்தாலே தீர்ப்பு தயாராக இருக்கும். "கட்டினவளை விட்டுட்டுப் போனான், அதான் பட்டான்." பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானும் தட்டியிருக்கிறேன். சிலப்பதிகாரத்தை நிதானமாகத் திரும்பப் படித்தபோதுதான் கை நின்றது.

அவன் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. 1,008 கழஞ்சுப் பொன் விலை சொன்ன மாலையைக் கூனியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாதவி மனைக்குப் போனவன், தன் வீட்டையே மறந்தான். முன்னோர் தேடிய பொருள் கரைந்தது. திரும்பி வந்தபோது கைமுதலாக மிஞ்சியவை கண்ணகியின் காற்சிலம்புகள். அதை விற்கத்தான் மதுரைப் பயணம். ஆக, அவன் தப்புக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கடன்பட்டு ஊரைவிட்டுப் போனவனை வழியில் ஒரு கொள்ளைக்காரன் வெட்டிப்போட்டால், கடன் வாங்கியதற்குக் கிடைத்த தண்டனை என்றா சொல்வோம்?

கொலைக்களத்துக்கு வாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் களவை மறைக்க அவன் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். ஊடிப் போன தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் அரசன் விசாரிக்காமல் ஆணை இடுகிறான். போன காவலர்களுக்கோ ஆளைப் பார்த்ததுமே சந்தேகம்: இவன் 'கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கிப் பாடமே நடத்துகிறான். பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போதே குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்வளவுதான். அங்கே நின்றவர்களில் யாருக்காவது மாதவி யார் என்று தெரியுமா? அவன் செத்தது செய்யாத திருட்டுக்கு.

இளங்கோவுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். கொலைக்குச் சற்று முன்பு மாடலன் என்ற மறையவனைக் கொண்டுவந்து, கோவலன் செய்த நல்லதையெல்லாம் சொல்ல வைக்கிறார். யானையின் பிடியிலிருந்து முதியவரை மீட்டது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது 'அவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள்' என்று நின்றது. "இம்மைச் செய்தன யானறி நல்வினை" என்கிறான் மாடலன். இந்தத் துன்பம் முற்பிறப்பின் பயனோ என்று அவனே குழம்புகிறான்.

அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி விடை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன்தான் பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அரற்றித் திரிந்து, சபித்துவிட்டு மாண்டாள். பொய்ப்பழிக்குப் பொய்ப்பழி, கணக்கு நேராகிறது. மாதவி வீட்டுக்குப் போனதே போதுமான காரணமென்றால், போன பிறவி வரைக்கும் ஏன் போகவேண்டும்? இந்த விடையிலும் எனக்கு முழுச் சமாதானம் இல்லை. பரதன் செய்த பாவத்துக்கு நீலியைப் போலவே 14 நாள் அலைந்தவள் கண்ணகி. அவள் யாரைக் கொன்றாள்?

கோவலனைத் தண்டிக்க யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அவளுக்குத்தான். ஆயர் குடியிருப்பில் அவள் கையால் சாப்பிட்ட பிறகு, "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்", சிறு வயதிலேயே முதிர்ந்த அறிவுள்ள உனக்குக் கேடு செய்தேன், என்று அவனே வாய்திறந்து ஒப்புக்கொள்கிறான். அவள் ஒன்றும் பூசி மெழுகவில்லை. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." நீங்கள் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சிலம்பைக் கொடுத்து அனுப்பினாள்.

கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. 'பட்டான்' என்று நாம் சொல்கிறோமே, அதைச் சொல்ல நம்மைவிட அவளுக்குக் காரணம் அதிகம். அவளோ சூரியனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?"

'கள்வன் அல்லன்' என்று பதில் வந்தது. அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. மிஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.