வேலியம் பலிக்காத எலி

எல்லோருக்கும் வணக்கம்.

டயாசிபாம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். வேலியம் என்று சொன்னால் இன்னும் பலருக்குத் தெரியும். வலிப்பு வந்தால் அவசரத்துக்குக் கொடுப்பார்கள். ஸ்கேன் குழாய்க்குள் போகப் பயப்படுகிறவருக்கும் கொடுப்பார்கள். தசை இறுகிப்போனாலும், தூக்கம் வராவிட்டாலும், மனசு படபடத்தாலும் அதே மாத்திரைதான். ஒரே மருந்து செய்யும் இத்தனை வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா? பதற்றம் மட்டும் போக வேண்டும், தூக்கம் வரக்கூடாது என்று கேட்டால் நடக்குமா? இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர், யூதர், 1941இல் ரோஷ் என்ற மருந்துக் கம்பெனியின் ஏற்பாட்டில் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா போனார். நியூ ஜெர்சியில் நட்லி என்ற ஊரில் ஆய்வுக்கூடம். அங்கே சில ரசாயனங்களைத் தயாரித்துப் பார்த்து, ஒன்றும் தேறவில்லை என்று ஒதுக்கிவிட்டார். 1957இல் மேசையைச் சுத்தம் செய்யும்போது, உடன் வேலை பார்த்த ஏர்ல் ரீடர், சோதிக்காமலே விட்டுப்போன ஒரு பொடியைக் கண்டெடுத்தார். தூக்கிப் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் அதன் உறவுக்கார மருந்தான வேலியம் வந்தது. 1970களில் அமெரிக்காவில் அதிகமாக விற்ற மருந்துகளில் வேலியம் முன்வரிசையில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு விற்ற பிறகும் அது மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்று யாருக்கும் தெரியாது. 1977இல்தான் டென்மார்க்கில் ஒரு குழுவும், சுவிட்சர்லாந்தின் பாசலில் ஹான்ஸ் மோலர் குழுவும் அந்த இடத்தைக் காட்டின. அது காபா ஏற்பியின் ஒரு பகுதி என்பது அப்புறம் தெளிவானது. 1987இல் அதன் மரபணுக்களைப் படித்தார்கள்.

காபா என்பது மூளையில் 'போதும், அடங்கு' என்று சொல்லும் ரசாயனம். அது வந்து ஒட்டும் புரதம்தான் காபா ஏற்பி. உங்கள் கையின் ஐந்து விரல்களையும் நுனிகள் சேரும்படி குவித்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு துளை தெரியும். ஏற்பியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஐந்து துணை அலகுகள் வட்டமாக நிற்கின்றன. பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா. காபா வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், நரம்பணு அடங்கும். காபா ஒட்டும் இடம் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவில். வேலியம் உட்காரும் இடமோ ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவில். வேலியம் தானாகத் துளையைத் திறப்பதில்லை. காபா இருந்தால் அதற்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். பழைய காலத்துத் தூக்க மாத்திரைகளான பார்பிச்சுரேட்டுகள் அளவு மீறினால் தாங்களே துளையைத் திறந்துவிடும். அதனால்தான் அவற்றில் அத்தனை உயிர்கள் போயின.

மனித உடம்பில் இந்தக் குடும்பத்துத் துணை அலகுகள் மொத்தம் 19. அதில் ஆல்ஃபா மட்டும் ஆறு வகை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய நான்கு வகைகளிலும் வேலியம் வேலை செய்யும். ஆல்ஃபா நான்கிலும் ஆல்ஃபா ஆறிலும் செய்யாது. ஏன்? வேலியம் பலிக்கும் நான்கு வகைகளிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மற்ற இரண்டில் அதே இடத்தில் ஆர்ஜினின். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒன்றே ஒன்று மாறினால் மருந்து பலிக்காமல் போகிறது.

இதைப் பிடித்துக்கொண்டார்கள் ஜூரிக்கில். மோலரும் ஊவே ருடால்ஃபும் ஓர் எலியின் ஆல்ஃபா ஒன்றில், 101ஆம் இடத்து ஹிஸ்டிடினை எடுத்துவிட்டு ஆர்ஜினினை வைத்தார்கள். ஏற்பியை அழிக்கவில்லை, காபாவைத் தடுக்கவில்லை. எலி வழக்கம்போல ஓடியாடியது. வேலியம் மட்டும் அந்த ஒரு துணை அலகில் எடுபடாது. எனக்கு இந்தச் சோதனையில் பிடித்ததே அந்தச் சிக்கனம்தான்.

1999இல் முடிவு வெளிவந்தது. சாதாரண எலிக்கு டயாசிபாம் கொடுத்தால் நடமாட்டம் குறைந்து ஒரு மூலையில் ஒடுங்கும். மாற்றப்பட்ட எலி ஒடுங்கவில்லை. மருந்தால் வரும் மறதியும் அதற்கு வரவில்லை. ஆனால் பயம் குறைந்தது! அப்படியானால் பயத்தைக் குறைப்பது வேறு எங்கேயோ இருக்கிறது. அடுத்த வருஷம் ஆல்ஃபா இரண்டில் அதே மாற்றத்தைச் செய்தார்கள். தரையிலிருந்து உயர்த்திய கூட்டல் குறி வடிவப் பாதை ஒன்று. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் வெட்டவெளி. எலி இயல்பாகச் சுவரோரம் பதுங்கும், டயாசிபாம் கொடுத்தால் துணிந்து வெளியே வரும். ஆல்ஃபா இரண்டு மாற்றப்பட்ட எலியோ, மருந்து கொடுத்த பிறகும் சுவரோரமே நின்றது. ஆக, தூக்கக் கலக்கத்துக்கு ஆல்ஃபா ஒன்று, பயத்துக்கு ஆல்ஃபா இரண்டு.

ஆல்ஃபா ஒன்றையே பெரும்பாலும் தேடிப்போகும் மருந்து அதற்கு முன்பே கடையில் இருந்தது. சோல்பிடெம். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தூக்க மாத்திரை. குறி பார்த்து அடிக்கும் மருந்துதான், ஆனாலும் தொல்லை இல்லாமல் இல்லை. காலையிலும் பெண்களின் ரத்தத்தில் அதிகம் தங்குகிறது என்று 2013இல் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, கார் ஓட்டுவதுகூட நடந்திருக்கிறது. 2019இல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள்.

சரி, எதிர்ப்பக்கம்? ஆல்ஃபா இரண்டையும் மூன்றையும் தூண்டி, ஒன்றை விட்டுவிடும் மருந்து? மெர்க் கம்பெனி பெருமுயற்சி எடுத்தது. எம்ஆர்கே-409 என்ற மருந்து ஆல்ஃபா ஒன்றைக் கொஞ்சமாகத்தான் தொடும். விலங்குகளுக்குத் தூக்கமே வரவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்தபோது, மூளையின் ஏற்பிகளில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாத அளவிலேயே ஆள் சொக்கிப்போனார். டிபிஏ-023 என்ற இன்னொன்று நோயாளிகளிடம் நம்பிக்கை தந்தது. நீண்டகால விலங்குச் சோதனையில் கண்புரை வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எலி பொய் சொல்லிவிட்டதா என்றால், இல்லை என்பேன். எலியிடம் அளந்தது எவ்வளவு தூரம் நடந்தது என்பதைத்தான். ஒரு மனிதருக்கு மதியம் மூன்று மணிக்கு, கணக்கு எழுதும்போது கண் செருகுவதை அந்தக் கூண்டில் எப்படி அளப்பது? ஆல்ஃபா ஒன்றை இம்மியும் தூண்டாத மருந்து வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்துதான் கற்றார்கள். ஆல்ஃபா ஒன்றை மிகக் குறைவாகவே தூண்டும் டாரிகாபாட் என்ற மருந்து, மினுக்கும் வெளிச்சம் பட்டால் வலிப்பு வருகிறவர்களிடம் நடந்த சிறு ஆய்வில் நன்றாக வேலை செய்தது. பதற்றத்துக்காகத் தொடங்கிய தேடல் வலிப்புப் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆல்ஃபா ஒன்றுக்கு இன்னொரு பழியும் உண்டு. 2010இல் ஜெனீவாவில் கிறிஸ்டியன் லூஷர் குழு, இந்த மருந்துகள் அடிமைப்படுத்துவதன் வேரையும் அங்கேதான் கண்டது. மாற்றப்பட்ட ஆல்ஃபா ஒன்று கொண்ட எலிகள் மருந்து கலந்த தண்ணீரைத் தேடிப் போகவில்லை.

இதைப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி வரும்: "நான் சாப்பிடும் மாத்திரை எந்த ஆல்ஃபா சார்?" அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் எல்லாமே நான்கையும் பாகுபாடில்லாமல் தொடும். பதற்றத்துக்குத் தின்றாலும் தூக்கமும் மறதியும் கூடவே வரும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதித் தந்த மருத்துவரிடமே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்; வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இனி உங்கள் கேள்விகள்.