பெருங்காய டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்த கோதுமை

மக்களே, வணக்கம். வந்துவிட்டேன். புட்டுக்குடத்தில் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறேன், கொதி வருவதற்குள் பாதியாவது பேசிவிடலாம் என்று கேமராவைத் தூக்கிவிட்டேன். குரல் எரிச்சலாகக் கேட்டால் அது உங்கள் மேல் இல்லை. ஒரு பெருங்காய டப்பா மேல்.

ஆமாம், பெருங்காயம். சிரிக்காதீர்கள்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், எனக்கு சீலியாக் நோய். புதிதாக வந்தவர்களுக்காக ஓட்டமாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே போட்டு அடிக்கும். குடலின் உள்பக்கம் டர்க்கி டவலின் முடி மாதிரி நிற்க வேண்டிய உறிஞ்சிகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ரத்தசோகைதான். நான்கு வருடம் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 7.8-ஐத் தாண்டவில்லை. இரும்பை உறிஞ்சுகிற இடமே சிறுகுடலின் முதல் பகுதி. அந்த இடமே தேய்ந்து கிடந்தால் மாத்திரை என்ன செய்யும், பாவம். அந்தக் கதை முழுவதும் முதல் வீடியோவில் இருக்கிறது, நான் அழுதுகொண்டே பேசியது.

சரி, இப்போதைய கதை. போன வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை எடுத்தேன். டிடிஜி என்று ஒரு எதிர்ப்பொருள் பார்ப்பார்கள், குளூட்டன் உள்ளே போனால் ரத்தத்தில் ஏறுவது. எனக்குப் பார்க்கும் லேபில் 20-க்குக் கீழே இருந்தால் நல்லது. நோயைக் கண்டுபிடித்த நாளில் 200-க்கு மேல் இருந்தது. போன வருடம் 14. அந்த 14-க்கு நான் ஒரு தனி வீடியோவே போட்டேன், பாயசம் வைத்தேன், நினைவிருக்கும். இந்தத் தடவை 41.

நாற்பத்தொன்று! சீட்டைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "பரோட்டா ஏதாவது?" என்றுதான். மூன்று வருடமாக நான் பரோட்டாவின் வாசம் பிடித்ததோடு சரி. மார்த்தாண்டத்துக் கல்யாண ரிசப்ஷனுக்கே டிபன் பாக்ஸில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோய் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். அன்றைக்கு ஒரு பெரியவர் வந்து, "கொஞ்சம்போலச் சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது மக்களே" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரியும். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் வெறும் 50 மில்லிகிராம், அதாவது அந்த ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியிலேயே நோயாளிகளின் குடல் கெட்டிருக்கிறது. கொஞ்சம்போலவாம்!

ஆக, வீட்டுக்குள்தான் எங்கேயோ ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்துவிட்டேன். ரவை, சேமியா, மைதா எல்லாம் எப்போதோ தனி அலமாரிக்குப் போய்விட்டன, வீட்டுக்காரருக்கும் பாப்பாவுக்கும் மட்டும். மால்ட் கலந்த பானப் பொடி பார்லி, அது வீட்டுக்குள்ளேயே கிடையாது. சோயா சாஸில் கோதுமை உண்டு, அதுவும் வாங்குவதில்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூள் வீட்டில் பொடிப்பது. எல்லாம் சுத்தம். கடைசியில் கையில் வந்தது அந்த மஞ்சள் டப்பா.

எழுத்து எறும்பை விடச் சின்னது. ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சேர்மானத்தில் பிசின், கோதுமை மாவு, அப்புறம்தான் பெருங்காயம்!

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "அது பெருங்காயம்லா மக்களே, அதுல எதுக்கு கோதம்பு?" என்றார்கள். நியாயமான கேள்வி. விசாரித்ததில் தெரிந்தது இது. அசல் பெருங்காயம் ஒரு செடியின் வேர்ப்பக்கத்தைக் கீறி எடுக்கிற பால். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருகிறது. நம் நாட்டில் 2020-இல்தான் இமாச்சலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கவே ஆரம்பித்தார்கள். அசல் சரக்கின் காட்டம் தாங்காது என்பதால் மாவும் பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சட்டப்படி சரிதான், ஏமாற்று இல்லை. சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கும், சில கோதுமை மாவு. கட்டியாக வருவதும் பெரும்பாலும் கலந்ததுதான். தூள்தான் கலப்படம், கட்டி சுத்தம் என்று போன வருடம் ஒரு வீடியோவில் நான் சொல்லியிருக்கிறேன். தப்பு. அதை நம்பி வாங்கியவர்கள் லேபிளைப் பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள். சாம்பார், ரசம், புளிமுளம், மாங்காய் ஊறுகாய், மோர். நாளுக்கு மூன்று வேளை ஒரு சிட்டிகை. மூன்று வருடமாக!

ஆனால் இதே டப்பா இருக்கும்போதுதானே 14 வந்தது? வீட்டுக்காரர் கேட்டார். எரிச்சலாக வந்தாலும் கேள்வி சரி. அப்போதுதான் மில் நினைவுக்கு வந்தது. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஏழெட்டு மாதம் முன்பு வரை புட்டுப்பொடி அம்மா வீட்டில் இடித்து வரும். அம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு நான் இங்கே மாவு மில்லில் திரித்து வாங்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமை போய் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை. அடுத்தது என் அரிசி. நடுவில் மெஷினை ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான். முதலில் விழுந்த மாவு பழுப்பாக இருந்தது, கண்ணால் பார்த்தேன். மில்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் எல்லாருக்கும் அப்படித்தான் திரிக்கிறார். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பாக்கெட்டில் போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த பழுப்பு மாவில் எவ்வளவு இருந்திருக்கும்?

ஆக டப்பாவா, மில்லா? டாக்டர், "ரெண்டையும் நிறுத்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். சரி.

இனி பெருங்காயம் வாங்கப் போன கதை. கோட்டாறில் ஒரு நாட்டு மருந்துக் கடை. "கலக்காத பெருங்காயம் இருக்கா அண்ணாச்சி?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கறிக்கா, மருந்துக்கா?" என்றார். ரெண்டுக்கும்தான் என்றேன். கண்ணாடி பாட்டிலைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மெழுகு மாதிரி, செம்பழுப்பு, விரலில் ஒட்டினால் ரெண்டு நாள் போகாது. இதோ, இந்த விரல், இன்னும் மணக்கிறது. விலை 10 கிராம் 380 ரூபாய். கிராமுக்கு 38! நான் அசையாமல் நின்றேன். அவர் தராசைத் துடைத்தார். நான் நின்றேன். கடைசியில் 360. அந்த 20 ரூபாய்ப் பெருமையை வீட்டில் வந்து சொன்னால் வீட்டுக்காரர், "பஸ்ஸுக்கே அது போயிருக்குமே" என்கிறார். நான் போனது மகளிர் இலவசப் பஸ், ஐயா. தக்கலையிலிருந்து போகவும் வரவும் பைசா செலவில்லை. 20 ரூபாய் முழு லாபம்.

அரிசி மணியில் பாதி அளவு தேங்காய் எண்ணெயில் பொரித்தால் ஒரு குழம்புக்குப் போதும். அப்படிப் பார்த்தால் விலை பரவாயில்லை. வாசம்தான் கொடுமை. பாட்டிலை டப்பாவில் வைத்து, டப்பாவைத் தகரத்தில் வைத்து மூடியும் பாப்பா, "அம்மா, அடுக்களையில எலி செத்துக் கிடக்கு" என்று தேடுகிறாள்.

புட்டுப்பொடிக்கு, பாட்டியின் உரலையும் உலக்கையையும் விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, எடுத்துக் கழுவிவிட்டோம். பச்சரிசியை நனைத்து, நீர் வடித்து, ஈரம் வற்றுவதற்குள் இடிக்க வேண்டும். முதல் பத்து இடியில் அரிசி உரலை விட்டு வெளியே தெறித்தது. காலால் உரல் வாயை அணைத்துப் பிடிக்க வேண்டுமாம், மாமி சொல்லித்தான் தெரிந்தது. இடிக்க இடிக்க சத்தம் மாறும். முதலில் கரகரவென்று, அப்புறம் துணிமூட்டையில் குத்துகிற மாதிரி மெத்தென்று. அப்போது அள்ளி அரிப்பில் போட்டு அரித்து, மேலே நிற்கும் குறுணையைத் திரும்ப உரலில் போட வேண்டும். இதோ உள்ளங்கை, ரெண்டு கொப்புளம். ஒன்று உடைந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வேலி மேலாக, "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

குடல் ஆரோக்கியம் என்று இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, தெரியும்தானே. எல்லாரும் குளூட்டனை விடுங்கள், இந்தப் பொடி வாங்குங்கள் என்று. எனக்கும் விளம்பரம் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள். மாட்டேன். குளூட்டன் இல்லாத பிஸ்கட் எட்டே எட்டு, பாக்கெட் 190 ரூபாய், வாயில் போட்டால் சுண்ணாம்பு. நமக்கு எதற்கு அது? மரச்சீனி, சாளை மீன், பயறு, பழங்கஞ்சி, பலாச்சக்கை, ஏத்தன்பழம். நம் குமரி மாவட்டத்துச் சாப்பாட்டில் முக்கால்வாசி எனக்குப் பொருந்தும். வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் தெற்கே ஆயிரத்தில் ஒருவர்தான் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். நாம் சாப்பிடும் கோதுமை குறைவு, அதுவும் ஒரு காரணம். அதனாலேயே இங்கே சட்டென்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, அது வேறு கதை.

நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார். பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் பழம் தின்ற பிள்ளைகள் ரொட்டி தின்னவில்லை, அவ்வளவுதான். தேறியதும் ரொட்டிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு நோயும் திரும்பி வந்தது. 1944–45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காதபோது பிள்ளைகள் தேறியதும், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்ததும் வில்லெம் டிக்கே என்ற டாக்டரின் சந்தேகத்தை உறுதியாக்கியது. குற்றவாளி கோதுமை என்று நிரூபித்துக் காட்டியவர் அவர்தான். இங்கே நாம் கைக்குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுப்பதே மட்டிதானே. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. எனக்கு உடம்பு முடியாத நாட்களில் அதுதான் தாங்கியது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது, எண்டோஸ்கோப்பியிலும் ஏமாற்றிவிடும். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. பாப்பாவுக்குப் பார்த்தாயிற்று, இல்லை. என் தம்பி மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருடமாக ஓடுகிறான். டேய், நீ இந்த வீடியோ பார்ப்பாய் என்று தெரியும்.

அடுத்த வீடியோ முந்திரிக்கொத்து. மேல்மாவில் மைதா இல்லாமல் வெறும் பச்சரிசி மாவில் முக்கிப் போட்டேன், பன்னிரண்டு உருண்டையில் ஒன்பது எண்ணெயில் உடைந்து பாசிப்பயறு மாவெல்லாம் கருகிப்போயிற்று. மீதி மூன்றை மாமி சாமிக்கு வைத்துவிட்டார்கள், ருசி பார்க்கக்கூட விடவில்லை. உளுந்து மாவு கொஞ்சம் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார், பார்க்கலாம்.

ஆ, ஆவி வந்துவிட்டது, பாருங்கள், குழாயின் மேலே. என் கையால் இடித்த முதல் புட்டு. ரெண்டு நிமிடம் விட்டுத் தள்ளினால்... ஐயோ. மாவு விரவும்போது உப்பு போட்டேனா நான்? மாமி! நான் உப்பு போட்டதைப் பார்த்தீர்களா?