சுரண்டினால் கால் மெலியுமா?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் நான் வளர்ந்த அடுக்குமாடியில், பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். ஆ மா என்றுதான் நாங்களும் கூப்பிடுவோம். பேரன் வெயிலில் ஆடிவிட்டுத் தலைவலி, குமட்டல் என்று வந்து படுத்தால், சூப் குடிக்கிற பீங்கான் கரண்டியைக் கையில் எடுப்பார். முதுகில் எண்ணெய் தடவி, கரண்டி விளிம்பால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இழுப்பார். ஒரே திசை, ஒரே அழுத்தம். கொஞ்ச நேரத்தில் தோல் சிவக்கும். அப்புறம் குங்குமம் சிந்தியது போலப் புள்ளிகள் கிளம்பும். "சூடு வெளியே வந்துவிட்டது" என்பார். பையன் அப்படியே தூங்கிப்போவான்.

அதுதான் குவாஷா. குவா என்றால் சுரண்டுவது. ஷா என்றால் அந்தச் செம்புள்ளி. இந்தோனேசியாவில் இதையே நாணயத்தால் செய்வார்கள், கெரோக்கான் என்று பெயர். எங்கே போனாலும் உடம்பு சரியில்லாதபோது செய்வது. ஆ மா ஒரு நாளும் யார் தொடையையும் மெலிய வைக்கக் கரண்டி எடுத்ததில்லை.

இன்று இயன்முறை சிகிச்சைக்கு என்னிடம் வரும் பெண்கள் குவாஷா செய்யும் பச்சைக் கல் ஒன்றை நீட்டி, "இதால் தேய்த்தால் கால் மெலியுமாமே?" என்கிறார்கள். மெலியாது அம்மா. சுரண்டும்போது தோலுக்கடியில் ரத்த ஓட்டம் கூடுகிறது. 2007இல் வந்த ஆய்வில் 11 பேருக்குச் செய்து பார்த்தபோது, சுரண்டி முடித்த முதல் ஏழரை நிமிடம் அந்த இடத்தில் ஓட்டம் நான்கு மடங்கானது. மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிவதுதான் அந்தச் சிவப்பு. கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது.

"ஆனால் டேப்பில் குறைந்ததே" என்பார்கள். உண்மைதான். நாள் முழுக்க நின்ற காலில், சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் பள்ளம் தெரியும் இல்லையா? அது தேங்கிய நீர். மேல்நோக்கித் தேய்த்தால் கொஞ்சம் நகரும், டேப்பும் குறைத்துக் காட்டும். காலை உயர்த்தி வைத்துப் படுத்தாலும் அதே பலன்தான். மறுநாள் நின்றால் திரும்ப வரும். நீர் வேறு, கொழுப்பு வேறு. கொழுப்பு கரைய, உடம்பு அதை எரித்தாக வேண்டும். எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை நாம் சொல்ல முடியாது. 1971இல் டென்னிஸ் வீரர்களை அளந்தார்கள்: வருடக்கணக்கில் மட்டை பிடித்த கையிலும் மற்றக் கையிலும் தோலடிக் கொழுப்பு ஒன்றாகவே இருந்தது.

காலுக்கான உடற்பயிற்சிகளும் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நரம்பு சுருட்டிக்கொண்ட காலில் சுரண்ட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையால் கால் மரத்தவர்கள், நீங்களும் வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கல்லைத் தொடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வணக்கம்.