இன்டீரியர் டிசைன் படிக்கலாமா? ஆச்சி வீட்டுத் தார்சாவிலிருந்து பேசுகிறேன்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கல்லிடைக்குறிச்சியில், என் ஆச்சி வீட்டுத் தார்சாவில், அதாவது திண்ணையைத் தாண்டி வருகிற முன்கூடத்தில், உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் ஆச்சி பாத்திரம் விளக்குகிற சத்தம். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி அவள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நான் படித்த அதே இன்டீரியர் டிசைன் படிக்க ஆசை. அம்மா என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்கள்: "கர்ட்டனுக்கு என்ன கலர், செவத்துக்கு என்ன கலர்னு சொல்றதுதானம்மா? அதுக்கு எதுக்கு நாலு வருசம்?" நியாயமான கேள்வி. அன்றைக்கு வாசலில் நின்றபடி பத்து நிமிடம் ஏதோ சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டைக் காட்டிச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். தெருத் திண்ணை. தாண்டினால் தார்சா. அதற்கு உள்ளே பட்டாசல் என்கிற பெரிய கூடம், அடுத்த கூடமான ரெண்டாங்கட்டு, நடுவில் கூரையில்லாத வானவெளி, அப்புறம் அடுப்படி, கடைசியில் புறவாசல். தெருவில் நின்று பார்த்தால் புறவாசலில் காய்கிற துணி தெரிகிறது இல்லையா? எல்லாக் கதவும் ஒரே கோட்டில் இருக்கிறது. ஆடி மாதம் மேற்கிலிருந்து வருகிற காற்று இந்தக் கோட்டில்தான் ஓடும். வெயில் காலத்தில் உள்ளே சூடேறும் காற்று வானவெளி வழியாக மேலே போய்விடும். கட்டியவர்கள் இதை யாரிடமும் பாடமாகப் படிக்கவில்லை. ஆனால் யார் எங்கே உட்காருவார்கள், வெயில் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று ஒன்றுவிடாமல் யோசித்திருக்கிறார்கள்.

இதோ, திண்ணையில் டேப் வைக்கிறேன். தரையிலிருந்து 17 இஞ்ச். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, நாற்காலியில் உட்காரும் உயரம் 16 இஞ்சிலிருந்து 18 இஞ்சுக்குள் இருக்க வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். அந்த விடுமுறைக்கு இங்கே வந்தபோது முதல் வேலையாக இந்தத் திண்ணையைத்தான் அளந்தேன். 17 என்று டேப்பில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். இந்தப் படிப்பின் நடு முதுகெலும்பு மனித உடம்பு. கலர் எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு மனுஷி எவ்வளவு உயரம், கையை எவ்வளவு தூக்க முடியும், எத்தனை வயது, எங்கே குனிவாள், எந்த முட்டி வலிக்கும் என்பதெல்லாம்தான் கணக்கு. வகுப்பில் இதை ஆந்த்ரோபோமெட்ரி என்பார்கள்.

நான் இதைச் சரியாகப் படித்துக்கொண்டது வகுப்பில் இல்லை. பயிற்சிக்குப் போயிருந்த இடத்தில் எனக்கு முதன்முதலாக ஒரு அடுப்படி வரையக் கொடுத்தார்கள். மேடை உயரம் 34 இஞ்ச் என்று போட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கிரானைட் பதித்து, கீழே கதவெல்லாம் மாட்டி, பால் காய்ச்சியும் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து ஒரு இழுப்பறையைச் சரிபார்க்கப் போனேன். அந்த வீட்டு அம்மா 4 அடி 10 இஞ்ச் உயரம். தரையில் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதில் ஏறி நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காபி போட்டுக் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை. நின்றபடி முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரை ஒரு அளவு வரும். அதிலிருந்து நாலைந்து இஞ்ச் குறைத்தால் அதுதான் அவர்களுக்கான மேடை. 32 இஞ்ச் போட்டிருக்க வேண்டும். இரண்டே இரண்டு இஞ்ச்தான். அதற்காக அவர்கள் தினமும் மூன்று வேளை பலகையில் ஏறி இறங்குகிறார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சமைக்கிறவர் யார் என்று கேட்டு, அவரை நிற்கவைத்து முழங்கையை அளந்த பிறகுதான் பென்சிலை எடுக்கிறேன்.

இன்னொரு பெரிய பகுதி பொருள்களைப் பற்றிய அறிவு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் போதும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றை ஒட்டிய ஒரு வீட்டுக்குப் போனேன். புதிதாகச் செய்த அலமாரி, டிவி யூனிட் எல்லாம் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற பலகை. டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி, கை வைத்தால் பொடிப்பொடியாகக் கொட்டியது. அதே அறையில் அவர்கள் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் சேற்றைக் கழுவி நிழலில் காயவைத்ததும் பழையபடி நின்றது. அந்தப் பெரியவர் கட்டிலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்காக எல்லாரும் தேக்கு போட முடியாது. அதற்குத்தான் படிப்பு. ஐஎஸ் 710 என்கிற இந்தியத் தர முத்திரை உள்ள பிளைவுட்டின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. தண்ணீர் படுகிற அடுப்படிக் கீழ்ப்பகுதிக்கு அதைப் போடு, மேலே இருக்கிற பரணுக்கு சாதாரண ஐஎஸ் 303 போதும், காசு மிச்சம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தரையோடு ஒட்டாமல் நாலு இஞ்ச் கால் வைத்து யூனிட்டைத் தூக்கு, தாழ்வான பகுதி வீட்டில் பிளக் பாயின்ட்டை மேலே ஏற்று என்று வரைபடத்திலேயே எழுத வேண்டும். இதெல்லாம் பார்க்க அழகாகத் தெரியாத வேலை. ஆனால் அடுத்த வெள்ளத்தில் மிஞ்சுவது இதுதான்.

சரி, எங்கே படிப்பது? முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பி.ஆர்க் என்கிற கட்டிடக்கலைப் படிப்பு வேறு, இது வேறு. பி.ஆர்க் ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படித்திருக்க வேண்டும், நாட்டா மாதிரி நுழைவுத் தேர்வு உண்டு. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் தங்களை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டிடக்கலை படித்தவர்கள் இன்டீரியர் வேலையும் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். இன்டீரியர் டிசைன் படித்த நாங்கள் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு போட முடியாது.

இன்டீரியர் டிசைனுக்கு அப்படி ஒரு சட்டப் பதிவு நம் நாட்டில் கிடையாது. மூன்று மாதம் சாஃப்ட்வேர் படித்தவரும் இன்டீரியர் டிசைனர், நாலு வருடம் படித்தவளும் இன்டீரியர் டிசைனர். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். அதனால் இங்கே உங்களுக்கு அடையாள அட்டை உங்கள் போர்ட்ஃபோலியோதான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு.

பெரிய இடம் என்றால் அகமதாபாத். அங்கே இருக்கிற என்ஐடியில், அதாவது நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில், பர்னிச்சர் அண்ட் இன்டீரியர் டிசைன் என்று பி.டெஸ் என்கிற டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். டிஏடி என்கிற தேர்வு பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்று இரண்டு கட்டமாக நடக்கும். அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இன்டீரியர் டிசைன் இருக்கிறது. ஐஐடிகளின் பி.டெஸ் படிப்புக்கு யூசீட் தேர்வு. அது பெரும்பாலும் பொருள் வடிவமைப்பை மையமாக வைத்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டிலும் தனியார் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் உண்டு. பெயர் சொல்லிச் சிபாரிசு செய்ய எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சேரும் முன் நேரில் போங்கள். ஒர்க்ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மரம் அறுக்கிற மெஷின் மேல் தூசி படிந்திருக்கிறதா, மரத்தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தூள் என்றால் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவர் அளவுகளோடு வரைந்த ஒர்க்கிங் டிராயிங் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பளபளப்பான த்ரீடி படத்தைக் காட்டினால், "சரி, இதை ஆசாரி எதைப் பார்த்துச் செய்வார்?" என்று கேளுங்கள்.

என்ஐடி பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசு கேட்டுக்கொண்டபடி ஊர் ஊராகச் சுற்றி ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதன் அடிப்படையில்தான் 1961இல் என்ஐடி வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து வியந்து எழுதியது எதைத் தெரியுமா? இதோ, ஆச்சி தண்ணீர் மொள்கிற இந்தச் செம்பைத்தான்! லோட்டா என்று எழுதினார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ளும், கைக்கு எப்படிப் பிடிபடும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றினால் எப்படி விழும் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார்கள். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுச் சாமான்கள் மேல் இருந்த பார்வையே மாறிப்போயிற்று. பத்தமடைப் பாயைத் தறியில் வைத்து நெய்கிற அந்த அக்காமார்களிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தது அதற்கு அப்புறம்தான். அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.

வேலைக்கு வருவோம். வீடு, மாடுலர் கிச்சன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஓட்டல், கண்காட்சி அரங்கு, சினிமா கலைத்துறை, பர்னிச்சர், த்ரீடி விஷுவலைசர், எஸ்டிமேஷன் என்று நிறைய இருக்கிறது. நான் ஒன்றைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அது. லைட்டிங்.

டவுனில் ஜவுளிக் கடைக்குப் போனால் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "அண்ணாச்சி, வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துக்கிடுதேன்." உள்ளே மயில் கழுத்து நிறமாக இருந்தது வெளியே வந்தால் வேறு பச்சையாக இருக்கும். துணியில் ஒரு கோளாறும் இல்லை. கடை விளக்குதான் காரணம். நிறத்தை உள்ளபடி காட்டுகிற திறனுக்கு சிஆர்ஐ என்று ஒரு கணக்கு இருக்கிறது, உச்சம் 100. ஜவுளிக் கடைக்கு 90க்கு மேல் வேண்டும். விளக்கு வெளிச்சத்தின் சாயத்தைக் கெல்வினில் சொல்வோம். 2700, 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. தங்கத்துக்கு மஞ்சள் வெளிச்சம் எடுக்கும், வைரத்துக்கும் வெள்ளிக்கும் வெள்ளை வெளிச்சம் எடுக்கும். திருநெல்வேலியில் எத்தனை நகைக்கடை, எத்தனை ஜவுளிக்கடை என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தை ஆழமாகப் படித்தவர்கள் நம் பக்கம் ரொம்பக் குறைவு.

அப்புறம் வளைகுடா. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ தோஹாவிலோ இருப்பார்கள். அங்கே கட்டிடத்தின் உள்வேலையை மட்டும் எடுத்துச் செய்கிற ஃபிட்-அவுட் கம்பெனிகள் உண்டு. வரைபடம் சுத்தமாகப் போடத் தெரிந்து, பொருள் கணக்கு எடுக்கத் தெரிந்தால் அங்கே வேலைக்கு முயலலாம்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் குறைவாகத்தான் இருக்கும். கூடப் படித்த இன்ஜினியரிங் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வீட்டில் பேச்சு வரும். சைட்டில் வெயில், தூசி, பெண்பிள்ளை அளவு சொன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற மேஸ்திரி, எல்லாம் உண்டு. கல்லூரியில் மில்லிமீட்டரில் படித்துவிட்டு சைட்டுக்கு வந்தால் ஆசாரி "ஆறு நூல் பலகை" என்பார். முதல் நாள் முழித்தேன். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச், நாம் 18 எம்எம் என்று சொல்கிற பிளைவுட்தான் அது. அந்த வயதான ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பலகை ஓரத்தில் கோடு போட்டுக் காட்டினார். "இனி நூல்லயே சொல்லும்மா, வேல சுளுவா முடியும்." மூன்று வருடம் ஆயிற்று, இன்றைக்கும் என் டிராயிங்கில் இரண்டு அளவையும் எழுதுகிறேன்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். லீவு முடிவதற்குள் அவள் வீட்டை முழுக்க அளந்து 1:50 அளவில், அதாவது வீட்டில் 50 இஞ்ச் என்றால் தாளில் ஒரு இஞ்ச் என்று, கையால் வரைய வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அம்மா ஒரு நாளில் அடுப்படிக்கும் புறவாசலுக்கும் எத்தனை தடவை நடக்கிறார் என்பதும் அதில் இருக்க வேண்டும். வரைந்து முடித்த பிறகும் ஆசை இருந்தால் அப்ளிகேஷன் வாங்கலாம் என்று சொன்னேன். நேற்று ராத்திரி போன் செய்தாள். குளியலறைக் கதவு திறந்தால் வாஷிங் மெஷினில் இடிக்கிறதாம், இத்தனை வருடம் யாருமே கவனிக்கவில்லையாம், கதவை மாற்றி மாட்ட எவ்வளவு ஆகும் என்று அவள் அம்மா கேட்கிறார்களாம்.

ஆச்சி கூப்பிடுகிறார்கள். இந்த வானவெளியின் குறுக்களவு மட்டும் பாக்கி, டேப்போட அந்த நுனியை அவர்கள்தான் பிடிக்க வேண்டும். போய்விட்டு வருகிறேன்.