சொந்த மெயில் சர்வர்: உங்களுடையது பழைய எண்ணா, புதிய எண்ணா?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் கட்டளைகள் ஓடுகின்றன. மூலையில் ஒரு கடிகாரம்.]

கடிகாரத்தைப் பாருங்கள், பன்னிரண்டு நிமிடம். வெறும் லினக்ஸ் மட்டும் இருந்த வாடகை சர்வரில் பன்னிரண்டே நிமிடத்தில் மெயில் போகவும் வரவும் செய்துவிட்டேன். அந்த மெயிலை எதிர்முனையில் இருப்பவர்கள் நம்புவதற்குப் பதினொரு நாள் ஆனது. பன்னிரண்டு நிமிடத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பதினொரு நாளுக்குள் நுழைவோம்.

வணக்கம். தண்டையார்பேட்டை மொட்டை மாடி அறையிலிருந்து பேசுகிறேன். நடுநடுவே ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளை நிறுத்திவைத்துவிட்டுப் பதிவு செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. அந்த லாரிகளுக்கும் இந்தப் பாடத்தில் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் மாமா மண்ணடியில் போல்ட், நட்டு, வாஷர் வியாபாரம் செய்கிறார். "கடைப் பெயரிலேயே மெயில் வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட என்னால் முடியாது. நீதான் கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே, செய்து கொடு" என்றார். படித்தவன் என்று சொன்னால் விழாத மருமகன் உண்டா?

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்.எம்.டி.பி. விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் வெளியிட்டார். எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருள் வெகுகாலம் கோலோச்சியது; அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் கீபோர்டு மீது பூனை நடந்துபோன மாதிரி இருக்கும். 1998-இல் ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்து வீட்ஸ வெனமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் வந்தது. நாம் போடப்போவது அதைத்தான். வந்த மெயிலைப் போனிலும் கணினியிலும் எடுத்துப் படிக்க டவ்காட் என்ற இன்னொரு மென்பொருள். வரலாறு முடிந்தது.

[திரையில்: டெபியன் லினக்ஸில் நிறுவும் கட்டளை.]

வீட்டு இணைய இணைப்பில் இதை முயலாதீர்கள். பல இணைப்புகளில் மெயில் வெளியே போகும் வாசலான 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருப்பார்கள். வாடகை சர்வர் தருபவர்களிலும் சிலர், கேட்டால்தான் திறந்துவிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவும்போது ஒரு நீலத் திரை வந்து எந்த வகை என்று கேட்கும். 'இன்டர்நெட் சைட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'மெயின்.சிஎஃப்' கோப்பைத் திறந்தால் நூற்றுக்கணக்கான அமைப்புகள் உண்டு என்று பயமுறுத்துவார்கள். தொடக்கத்துக்கு நான்கு போதும். சர்வரின் முழுப்பெயரைச் சொல்லும் 'மைஹோஸ்ட்நேம்', எந்த டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயருக்கு, வரும் மெயில் நம்முடையது என்று சொல்லும் 'மைடெஸ்டினேஷன்', எந்தப் பக்கத்திலிருந்து வரும் இணைப்புகளை ஏற்பது என்று சொல்லும் 'இனெட் இன்டர்ஃபேசஸ்', யாரையெல்லாம் கேள்வி கேட்காமல் நம்பலாம் என்று சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்'.

கடைசியாகச் சொன்னதில் மட்டும் விளையாடாதீர்கள். "மெயில் போகவில்லை" என்ற எரிச்சலில் உலகம் முழுவதையும் அங்கே எழுதிவைத்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். ஒரு காலத்தில் பெரும்பாலான சர்வர்கள் அப்படித்தான் திறந்து கிடந்தன. 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பிலிருந்துதான் கதவை இயல்பாகவே சாத்திவைக்கத் தொடங்கினார்கள். சாத்திய கதவை நீங்கள் திறக்கவேண்டாம்.

டவ்காட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். 2.4 பதிப்பில் அமைப்புக் கோப்பின் எழுத்துமுறையே மாறிவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அப்படியே ஒட்டினால் அது எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. மாமா கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்கு முதல் கொட்டேஷனை அனுப்பினார். அது நேராக ஸ்பாமுக்குள் போய் விழுந்தது.

[திரையில்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக் கதவு. மேலே 'பழைய எண் 14', கீழே 'புதிய எண் 31'.]

இந்தக் கதவைப் பார்த்துச் சிரிக்காத வட சென்னைக்காரர் இருக்கமாட்டார். புதிய எண் 31 என்று தேடிப்போனால் பழைய எண் 31 வாசலில் நிற்போம். அந்த வீட்டு அம்மா, "நீங்கள் தேடுவது நாலு வீடு தள்ளி, தையல் கடைக்கு எதிரே" என்று சொல்லி அனுப்புவார். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ, குரலிலேயே தெரியும். கூரியர் பையன்கள் எண்ணையே பார்ப்பதில்லை, போன் செய்துவிடுகிறார்கள்.

மெயில் சர்வர்களுக்குப் போன் செய்யும் வசதி இல்லை. அவை எண்ணைத்தான் பார்க்கும். அதுவும் இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும்.

நம் சர்வர் ஒரு மெயிலோடு போய்க் கதவைத் தட்டுகிறது. "நான் இன்ன கடையின் மெயில் சர்வர்" என்று பெயர் சொல்கிறது. எதிர்முனை உடனே உள்ளே விடுவதில்லை. வந்திருப்பவரின் ஐ.பி. எண்ணை, அதாவது இணையத்தில் அந்த சர்வரின் கதவு எண்ணை எடுத்து, "இந்த எண்ணுக்கு என்ன பெயர்?" என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்.-இடம் கேட்கும். கிடைத்த பெயரை வைத்து, "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று திருப்பிக் கேட்கும். எண்ணிலிருந்து பெயர், பெயரிலிருந்து எண் இரண்டும் ஒத்துப்போனால்தான் முகம் கொஞ்சம் மலரும். எண்ணிலிருந்து பெயர் சொல்லும் பதிவுக்கு பி.டி.ஆர். என்று பெயர். மாமாவின் சர்வருக்கு அந்தப் பதிவில் கடைப் பெயர் இல்லை, ஐ.பி. எண்ணையே கோடுகளால் இணைத்துச் செய்த ஏதோ ஒரு பெயர் இருந்தது. கதவில் 14, கையில் 31.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் வீட்டு முகவரியை எப்படி எழுதுகிறோம்? கதவு எண், தெரு, பேட்டை, சென்னை. சின்னதிலிருந்து பெரியதுக்கு. டொமைன் பெயரும் அப்படித்தான்: முதலில் சர்வர், அடுத்து கடை, கடைசியில் 'காம்'. ஐ.பி. எண் மட்டும் தலைகீழ். 203.0.113.25 என்றால் முதலில் ஊர், கடைசியில் கதவு. ஆகவே எண்ணை டி.என்.எஸ்.-இல் தேடவேண்டுமானால் அதைத் திருப்பிப் போட்டு 25.113.0.203 என்று எழுதி, பின்னால் ஒரு வாலை ஒட்டுவார்கள். எண்ணை முகவரியாக்கும் இந்தத் தந்திரம் முதல்முறை புரிந்தபோது ராத்திரி ஒரு மணி. சொல்வதற்கு வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சரி, பதிவை எப்படி மாற்றுவது? டொமைன் விற்றவரிடம் கேட்டேன். சர்வர் கொடுத்தவரிடம் கேளுங்கள் என்றார். சர்வர் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டேன். நான்கு நாள் கழித்து, டொமைன் விற்றவரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஜாதிச் சான்றிதழுக்கு இரண்டு மேசைக்கு நடுவே அலைந்தவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியும். விடையை நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அலையவேண்டாம்: பெயரிலிருந்து எண் சொல்லும் பதிவு டொமைன் வைத்திருப்பவர் கையில், எண்ணிலிருந்து பெயர் சொல்லும் பி.டி.ஆர். பதிவு அந்த ஐ.பி. எண்ணுக்குச் சொந்தக்காரர் கையில். அதாவது சர்வர் கொடுத்தவர்தான் செய்யவேண்டும். இதை எழுதி அனுப்பியதும் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு இடத்திலிருந்து மெயில் திரும்பியது. காரணம், இந்த ஐ.பி. எண்ணில் நமக்கு முன் குடியிருந்தவர். அவர் ஸ்பாம் அனுப்பிவிட்டுக் காலி செய்துபோயிருக்கிறார். கடன்காரர்கள் வந்து நம் கதவைத் தட்டுகிறார்கள். சர்வர் வாங்கிய அன்றே ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். இருந்தால் வேறு எண் கேளுங்கள். நான் நீக்கச் சொல்லி விண்ணப்பித்துக் காத்திருந்தேன்.

[திரையில்: வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். கேமரா ஒரு கதவின் சீலை நெருங்குகிறது.]

இப்போது லாரிகள். கன்டெய்னர் கதவில் ஒரு போல்ட் சீல் மாட்டியிருக்கும், அதில் எண் பொறித்திருக்கும். சீல் உடைந்திருந்தால் வழியில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மெயிலுக்கு அந்த சீல்தான் டி.கே.ஐ.எம். நம் சர்வர் ரகசியச் சாவியால் ஒவ்வொரு மெயிலுக்கும் கையொப்பம் இடும். பொதுச் சாவி டி.என்.எஸ்.-இல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். பெறுபவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்; வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சீல் உடைந்த கணக்குத்தான்.

இங்கே நான் விழுந்த குழி: 2048 பிட் சாவி நீளமானது, டி.என்.எஸ்.-இல் ஓர் எழுத்துச் சரத்துக்கு (ஸ்ட்ரிங்) 255 எழுத்துதான் இடம். இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். நான் ஒட்டியதில் வால் அறுந்துவிட்டது. எட்டாம் நாள் அதில் போனது.

எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கவேண்டும். டி.மார்க், இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று பெறுபவருக்கு நாம் சொல்லிவைப்பது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றுமே கட்டாயம். மாமா ஒரு நாளைக்கு ஒன்பது மெயில் அனுப்புகிறார். இருந்தாலும் போட்டுவையுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு சர்வர் '450' என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. பதறாதீர்கள், அதற்கு 'அப்புறம் வா' என்று பொருள். ரேஷன் கடையில் "பருப்பு வரவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்றால் உண்மையாகவே தேவைப்படுபவர் மறுநாளும் வருவார். ஸ்பாம் அனுப்புபவர்களில் பலர் திரும்பி வரமாட்டார்கள். இப்படி வடிகட்டுவதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு தானே மறுபடி மறுபடி முயலும், இயல்பாக ஐந்து நாள் வரை. லாரிகூட அத்தனை நாள் நிற்காது.

உங்கள் சர்வர் எதனால் திரும்பியது என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். பிழைச்செய்தியை முழுதாக ஒட்டுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு மாமா பதில் சொல்வார்.

பதினொன்றாம் நாள் கோயம்புத்தூருக்கு மெயில் போய்ச் சேர்ந்தது, இன்பாக்ஸிலேயே. மறுவாரம் அந்த வாடிக்கையாளர் சாமான் பார்க்க நேரில் வந்தவர், அரை மணி நேரம் தெருவைச் சுற்றிவிட்டு மாமாவுக்குப் போன் செய்தார். மெயிலின் அடியில் நான் புதிய எண்ணை மட்டும் போட்டிருந்தேன். மாமா கடைப் பலகையில் பழைய எண்தான் இருக்கிறது.