பூட்ஸைக் கழற்றாதே: பிரான்ஸ் போர்முனையில் தொடை எலும்பு முறிவு

முதல் உலகப்போரில் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படையில், குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை என்று ஆரம்ப ஆண்டுகளில் மதிப்பிட்டார்கள். குண்டைவிடப் பயணம்தான் பலரைக் கொன்றது. அக்குளிலிருந்து கணுக்கால் வரை ஒரு நீளப் பலகை, அது இல்லையென்றால் துப்பாக்கி, அவ்வளவுதான் கட்டு. பலகை காலை இழுத்துப் பிடிக்காது. தொடைத்தசை சுருங்கும், முறிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஸ்ட்ரெச்சர் குலுங்கும்போதெல்லாம் சதையைக் கிழிக்கும். குட்டையாகி உருண்ட தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கும். வெளியே அவ்வளவு தெரியாது.

மருந்து புதிதல்ல. லிவர்பூல் வைத்தியர் ஹ்யூ ஓவன் தாமஸ் முழங்கால் நோய்க்காக 1870களிலேயே செய்த, காலை இழுத்துப் பிடிக்கும் கம்பிச்சட்டம் அது; 'தாமஸ் ஸ்பிளிண்ட்' என்பார்கள். அவர் மனைவியின் சகோதரர் மகனான எலும்பு வைத்தியர் ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குத் தள்ளினார். ஆஸ்பத்திரியில் போட்டுப் பயனில்லை, காயப்பட்டவனை வண்டியில் ஏற்றும் முன்பே போட வேண்டும். இந்த இடமாற்றம்தான் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

போடும் முறையைக் கவாத்து போலவே சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் கம்பளி போர்த்தி உடம்பைச் சூடாக்கு. ஒருவன் காலடியில் நின்று, ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் பாதத்தையும் பிடித்து நிதானமாக இழுப்பான். பூட்ஸைக் கழற்றக் கூடாது. துணிப்பட்டையைச் சுருக்கிட்டு அதன் மேலேயே மாட்ட வேண்டும். சட்டத்தின் மேல்முனையில் உள்ள, தோல் சுற்றிய வளையத்தைக் கால்வழியே ஏற்றி, புட்டத்து எலும்பில் முட்டும்வரை தள்ளு. பட்டையைச் சட்டத்தின் கீழ்நுனியில் கட்டு. பிறகு இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கு, வண்டிப் பாரத்தைக் கயிற்றில் கம்பு செருகி இறுக்குவது போல. கட்டு முடியும்வரை இழுப்பவன் கையை விடக் கூடாது. ஒரு நொடி விட்டாலும் எலும்பு மறுபடி ஏறிக்கொள்ளும்.

வளையம் பெரிதானால் நழுவித் தொடையிடுக்கில் அழுத்தும்; சிறிதானால் தொடை வீங்கும்போது இறுகும். பூட்ஸுக்குள் பாதம் வீங்கினால் ரத்த ஓட்டம் நிற்கும். அதனால் போகும் வழியில் பூட்ஸ் நாடாவைத் தளர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

1917 வசந்தத்தில் நடந்த அராஸ் சண்டையில் ராணுவ அறுவை வைத்தியர் ஹென்றி கிரே கணக்கெடுத்த 1009 தொடை முறிவுகளில் இறப்பு 15.6%. பழைய 80-ஐ இதனோடு நேராக ஒப்பிட்டால் கொஞ்சம் ஏமாந்துபோவோம். அதற்குள் காயத்தை அகலத் திறந்து, செத்த சதையை வெட்டி நீக்கும் முறையும் தேறியிருந்தது. ரத்தம் ஏற்றுவதும் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த அறுவை மேசைவரை காயப்பட்டவன் உயிரோடு வந்து சேர்ந்தது இந்தக் கம்பியால். இருட்டிலும் போட வர வேண்டுமே என்று, ஸ்ட்ரெச்சர் தூக்குவோரின் கண்ணைக் கட்டிவிட்டுப் பழக்கினார்கள்.